நம்ம ஆள்தானே!

கிள்ளானில் எங்களுக்கு ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. மூன்று அறை, மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. அப்பா லாரி ஓட்டிச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வாங்கிய வீடு. அவர் போன பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டார். மாதம் 900 ரிங்கிட் வாடகை வந்தால் அம்மாவின் மருந்துக்கும் கைச்செலவுக்கும் ஆகும் என்று வீட்டை வாடகைக்கு விட்டோம்.

முதலில் வந்தவர் ஓர் இளைஞர். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதுமே, "அக்கா, நீங்க ரேடியோவுல பேசுறவங்கதானே? தினமும் காலையில உங்க குரலைக் கேட்டுக்கிட்டுதான் வேலைக்குப் போறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வைப்புத்தொகையை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா, "நம்ம ஆள்தானே, கொடுத்துடும்மா" என்றார். ஒரு காகிதத்தில்கூட எழுதாமல் சாவியைக் கொடுத்தேன். குரலைக் கேட்டு ஆளை எடைபோடுவது என் தொழில் என்ற நினைப்பு வேறு!

நான்கு மாதம் வாடகை சரியாக வந்தது. ஐந்தாவது மாதம் பாதி வந்தது. அப்புறம் வெறும் சாக்குதான். சம்பளம் தாமதம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, மோட்டார் சைக்கிள் பழுது. நேரில் கேட்கப் போனால் கதவு திறக்காது. வாட்சாப்பில் நீல டிக் மட்டும் வரும். வாடகைப் பாக்கி 4,000 ரிங்கிட்டைத் தாண்டியபோது, பூட்டை மாற்றிவிடலாம் என்று பூட்டுக்காரரின் எண்ணைக்கூட வாங்கிவிட்டேன்.

நல்லவேளையாக, அதற்கு முன் ஒரு வழக்கறிஞர் தோழியை அழைத்தேன். "பூட்டை மாத்தினா நாளைக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார். 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, வாடகைக் காலம் முடிந்தும் வெளியேறாமல் இருப்பவரை நீதிமன்றத்தின் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது எல்லாம் நம் தலையிலேயே வந்து விழும். "சரி, எழுதின ஒப்பந்தம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. "வைப்புத்தொகை?" அதுவும் இல்லை. மறுமுனையில் அவர் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு நாள் இரவு அவராகவே போய்விட்டார். சாவி தபால் பெட்டியில் கிடந்தது. அதே பெட்டியில் தெனாகா நேஷனலின் நோட்டீஸ், மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று. மேலே அச்சாகியிருந்தது அப்பாவின் பெயர். ஒரு மாதம்கூடப் பில்லைத் தள்ளிப்போடாத மனிதர். அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே நம்ம ஆளுங்களுக்கு வீடே கொடுக்க வேணாம்."

பணம் போனதைவிட இந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது.

ஊடகத்துறையில் பட்டப்படிப்புப் படித்த காலத்தில், பெட்டாலிங் ஜெயாவில் நானும் இரண்டு தோழிகளும் அறை தேடினோம். ஒரு மாமாக் கடை பக்கத்துத் தூணில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து நான்தான் அழைத்தேன். என் மலாய் சரளமாக இருக்கும். அந்த அம்மையார் அன்பாகப் பேசினார். நாளைக்கே வந்து பாருங்கள் என்றார். கடைசியாகப் பெயரைக் கேட்டார். சொன்னேன். சிறிது மௌனம். "மன்னிக்கணும், அறையை ஏற்கெனவே ஒருத்தர் எடுத்துட்டாங்க" என்று வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்தும் அந்த விளம்பரம் அதே தூணில் இருந்தது. 'இந்தியர்களுக்கு இல்லை' என்று வெளிப்படையாகவே போடும் விளம்பரங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த வலி தெரிந்த நானே, ஓர் ஆள் செய்ததற்காக அதே கதவைச் சாத்துவதா?

யோசித்துப் பார்த்தால் தவறு அந்தத் தம்பியிடம் மட்டும் இல்லை. 'நம்ம ஆள்' என்று கேள்வி கேட்காமல் கொடுத்ததும், 'நம்ம ஆள்' என்று கேள்வி கேட்காமல் மறுப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் ஆளைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்த்தோம். அன்று ஒரு முடிவெடுத்தேன்: யார் வந்தாலும் ஒரே கேள்விகள், ஒரே ஆவணங்கள்.

அடுத்து வீட்டைப் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள். ஐவரிடமும் அடையாள அட்டை நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை கேட்டேன். சம்பளச் சீட்டை யாரும் கணினியில் தட்டிவிடலாம். சேமநிதியில் முதலாளி மாதாமாதம் பணம் போட்டிருக்கிறாரா என்பது உண்மையைச் சொல்லிவிடும். அவர்கள் சம்மதத்தோடு சிடிஓஎஸ் கடன் அறிக்கையும் பார்க்கலாம். முந்தைய வீட்டுக்காரரின் எண்ணையும் வாங்கினேன். இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், ஆள் போனால் போதும் என்று நல்ல வார்த்தை சொல்லக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. வாடகை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் குடும்பத்துக்கே சிரமம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஐவரில் ஒருவர் துறைமுகக் கிடங்கில் வேலை செய்பவர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். ஆவணங்களைக் கேட்டதும் முகம் சுளிப்பாரோ என்று தயங்கினேன். அவர் சிரித்தபடி ஒரு கோப்பை நீட்டினார். "மூணு வீட்டுல பேரைக் கேட்டதோட முடிஞ்சிருச்சு மேடம். நீங்கதான் சம்பளச் சீட்டு வரைக்கும் வந்திருக்கீங்க." எல்லாம் சரியாக இருந்தது. அவருக்கே வீட்டைக் கொடுத்தோம்.

இந்த முறை எல்லாம் எழுத்தில். இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, ஆகமொத்தம் 3,150 ரிங்கிட் கைக்கு வந்த பிறகுதான் சாவி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டினோம். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. மின்சாரக் கணக்கை வாடகைக்காரர் பெயருக்கே மாற்றினோம். அப்பாவின் பெயர் இனி எந்த நோட்டீஸிலும் வராது. குடிபுகும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையையும் படம் எடுத்தோம், சுவரில் இருந்த பழைய விரிசல் உட்பட. பின்னால் 'இதை யார் உடைத்தது' என்ற சண்டைக்கு இடமில்லை.

சட்டம் நமக்கும் சில வழிகள் வைத்திருக்கிறது. பாக்கி 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் முறையில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குத் தொடுக்கலாம். வாடகைக் காலம் முடிந்தும் போகாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாதவர் எதை நிரூபிப்பதே பெரும்பாடு. வாடகை ஒரு வாரம் தாமதமானால் அன்றே மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். சங்கடப்பட்டு மூன்று மாதம் சும்மா இருந்ததுதான் நான் செய்த பெரிய தவறு.

நமக்கும் கடமை உண்டு. குழாய் ஒழுகினால் உடனே ஆள் அனுப்ப வேண்டும். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டக்கூடாது. வீடு நம்முடையதாக இருந்தாலும், வாடகை கட்டும்வரை அது அவர்கள் குடும்பம் வாழும் இடம். நாள்பட்டு மங்கிய சுவர்ச் சாயத்துக்கெல்லாம் வைப்புத்தொகையைப் பிடிப்பது நியாயம் ஆகாது.

இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். அண்மையில் தங்கள் வீட்டை வாடகைக்கு விடப்போவதாகச் சித்தி தொலைபேசியில் சொன்னார். "வர்றது நம்ம பையன்தான்கா" என்று அவர் ஆரம்பித்ததும் அம்மா இடைமறித்தார்: "அது இருக்கட்டும். சேமநிதி அறிக்கை கேட்டியா?"