இனி பல்லைக் காட்டலாம்!

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். எந்த போட்டோவிலும் நான் சிரித்திருக்க மாட்டேன். கல்யாண போட்டோவில்கூட, ‘பையனுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லையோ’ என்று பெண் வீட்டார் கவலைப்படும் அளவுக்கு வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பேன். ‘மாப்ளே ஸார், கொஞ்சம் ஸ்மைல்!’ என்று கெஞ்சிப் பார்த்த போட்டோகிராபர், கடைசியில் லைட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

காரணம், மேல் வரிசையில் நட்ட நடுவே இருந்த ஒரு பல். மற்ற பற்கள் எல்லாம் அரிசி என்றால், இது மட்டும் அதில் கிடந்த கல்!

அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது நடந்தது. அப்பாவின் சைக்கிளில், முன் பாரில் உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். குறுக்கே ஓர் ஆடு. அப்பா சடாரென்று பிரேக் பிடித்தார். ஆடு தப்பித்தது. என் வாய் ஹேண்டில்பாரில் போய் மோதியது. உதடெல்லாம் ரத்தம். பல் ஆடியதே தவிர, விழவில்லை. ‘ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா’ என்று வேட்டி நுனியால் துடைத்த அப்பாவின் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

நாளாக ஆக அந்தப் பல் மட்டும் நிறம் மாறியது. காலேஜ் சேர்ந்தபோது ஈறு வீங்கி, ரூட் கெனால் செய்தார்கள். வலி போனது, கறுப்பு போகவில்லை.

ஆபீஸில் கேட்க வேண்டுமா? “எலெக்‌ஷன் மையை விரல்ல வைக்காம பல்லுல வெச்சுட்டாங்களா ஸார்?” என்பார் பக்கத்து ஸீட் நண்பர். நானும் சிரிப்பேன் - வாயை மூடிக்கொண்டு.

கிண்டலைக்கூடத் தாங்கலாம். நான் மறந்துபோய் வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம் அப்பாவின் பார்வை நேராக அந்தப் பல்லில் போய் நிற்கும். உடனே பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அதைப் பார்க்க முடியாமல், அவர் எதிரில் சிரிப்பதையே நிறுத்திவிட்டேன். ‘இவன் என்கிட்ட சிரிச்சுப் பேசறதே இல்ல’ என்று அவர் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி!

நானும் சும்மா இருக்கவில்லை. உப்பு, அடுப்புக்கரி, எலுமிச்சம்பழம் என்று பலசரக்குக் கடையையே பல்லில் தேய்த்தேன். பல் கூசியதுதான் மிச்சம். கடைசியில் என் மனைவி, “பல் டாக்டர்கிட்ட காட்டாம மளிகைக் கடைக்காரர்கிட்டயே எத்தனை நாள் வைத்தியம் பார்ப்பீங்க?” என்று கேட்டு, இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. அடிபட்டபோது பல்லுக்குள் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்திருக்கின்றன. ரத்தம் பல்லின் உள்ளே இருக்கும் நுண்ணிய குழல்களில் ஊறி, அதிலிருக்கும் இரும்புச் சத்து கறையாகத் தங்கிவிட்டது. “கறை உள்ளே ஸார். நீங்க வெளியே சுண்ணாம்படிச்சுட்டு இருந்தீங்க. எலுமிச்சம்பழம் எனாமலைத்தான் அரிக்கும்” என்றார்.

“கேப் போட்டுட்டா என்ன டாக்டர்?”

“அதுக்குப் பல்லைச் சுத்தி இழைக்கணும். உங்க பல் முழுசா, உறுதியா இருக்கு. முதல்ல உள்ளே ப்ளீச் பண்ணிப் பார்ப்போம்.”

எக்ஸ்ரே எடுத்து, பழைய ரூட் கெனால் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பல்லின் பின்பக்கம் பழைய ஓட்டையைத் திறந்தார். நான் ஊசிக்குப் பயந்து கண்ணை மூடினால், “நரம்பே இல்லாத பல்லுக்கு ஊசி எதுக்கு?” என்று சிரித்தார். வேர்ப்பக்கம் மருந்து இறங்காதபடி சுமார் 2 மில்லிமீட்டருக்கு சிமென்ட் வைத்து அடைத்தார். அதற்கு மேல் சோடியம் பெர்போரேட் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, விபூதி மாதிரி உள்ளே வைத்து மூடினார். ஒரு காலத்தில் சலவைப் பவுடரில் போட்ட சமாசாரமாம் அது!

“அவ்வளவுதான், அடுத்த வாரம் வாங்க.”

இதற்குப் பெயர் ‘வாக்கிங் ப்ளீச்’. நாம் பாட்டுக்கு ஆபீஸ் போய் ஃபைல் பார்க்கலாம்; மருந்து அதன் வேலையைப் பார்க்கும். 1960-களிலிருந்தே இருக்கும் முறை. எனக்குத்தான் சேதி லேட்!

மூன்று தடவை மருந்து மாற்றினார். முதல் வாரம் கறுப்பு சாம்பல் ஆனது. இரண்டாவது வாரம் சாம்பல் மஞ்சளானது. மூன்றாவது வாரம் பக்கத்துப் பல்லோடு சேர்ந்துவிட்டது. உடனே நிரந்தரமாக அடைக்கவில்லை. ப்ளீச்சின் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் ஃபில்லிங் சரியாக ஒட்டாதாம். இரண்டு வாரம் பொறுத்து அடைத்தார். “சில வருஷம் கழிச்சு லேசா நிறம் திரும்பலாம். அபூர்வமா வேர் அரிக்கிறதும் உண்டு. அதனால அப்பப்போ வந்து எக்ஸ்ரே எடுத்துடுங்க” என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் போனேன். ஒன்றும் சொல்லாமல், ஈ என்று இளித்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் மோவாயைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேப்பரை எடுக்கவில்லை.

“அன்னிக்கு பிரேக் பிடிக்காம அந்த ஆட்டு மேலேயே ஏத்தியிருக்கலாம்டா. இத்தனை வருஷம் தூக்கம் கெட்டிருக்காது” என்றார்.

போன மாதம் அவருடைய எழுபதாவது பிறந்த நாள். குடும்பமே கூடி போட்டோ எடுத்துக்கொண்டோம். அத்தனை பல்லும் தெரிய நான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்!

பகீரென்றது. “என்னப்பா, சிரிங்களேன்!” என்றேன்.

மெல்ல என் காதருகே குனிந்தார்.

“அவசரத்துல பல்செட்டை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்டா...”