சீட்டும் சிந்தையும்

குறி கேட்டல் தமிழர்க்குப் புதியதன்று. சங்க காலத்துக் கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொன்னாள். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் குறி சொல்லும் கருவியான டாரட்டின் 78 சீட்டுகளை நாம் குடியேறிய நகரங்களில் இன்று காண்கிறோம். சீட்டு வருவதை உரைக்குமா? உரைக்காது என்பதே என் துணிபு. ஆயினும் அது கேட்பவரைப் பேச வைக்கும்.

சித்தூரை அடுத்த எங்கள் கங்காதர நெல்லூருக்குத் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் கிளி சோதிடர் ஒருவர் வருவார். கடல் கடந்து சென்ற மகனிடமிருந்து மூன்றாண்டுகளாக மடல் காணாத என் பெரியம்மா ஒருநாள் அவர்முன் அமர்ந்தார். கிளி எடுத்துத் தந்தது இராமர் பட்டாபிஷேகப் படம்.

“மகன் வந்து சேர்வான், தாயே!” என்றார் சோதிடர்.

பெரியம்மாவோ, குடை பிடித்து நின்ற பரதனையே நெடுநேரம் நோக்கினார். “இவன் காடுவரை சென்று அழைத்தானே! சண்டையிட்டு அனுப்பிய நான் ஒரு வரியேனும் எழுதினேனா?” என்றார். அன்று மாலையே அவர் சொல்லச்சொல்ல நான் மடல் எழுதினேன். இரண்டு திங்களில் மறுமொழி வந்தது. அதனை வரவழைத்தது கிளியன்று; தாயின் மடலே.

நல்ல குறிகாரர் தீர்ப்புக் கூறார்; “இப்படத்தில் நீங்கள் காண்பது யாது?” என்றே வினவுவார். விடை நம் வாயிலேயே பிறக்கும். அதன்படி நடத்தலும் நம் கடனே.