ஆச்சியின் பானையில் ஸ்டோக்ஸ் விதி



முதலாமாண்டு இயற்பியல் செய்முறையில் விளக்கெண்ணெய் ஜாடியை மறந்திருக்க மாட்டீர்கள். குண்டை எண்ணெயில் போட்டு, இரண்டு கோடுகளுக்கு இடையே அது இறங்கும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் எடுப்போமே, அதேதான். ரெக்கார்டு நோட்டில் படம்கூட அழகாகப் போட்டிருந்தேன். ஆனால் வைவாவில், "குண்டை விட்டவுடனே ஏன் நேரம் எடுக்கலை?" என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். சூத்திரம் மனப்பாடம். அர்த்தம்தான் தெரியாது!

எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸில் திரும்பும்போதே, பேசாமல் நாமும் தறிக்குப் போய்விடலாம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் அன்று தண்ணீர் கலங்கலாக வந்திருந்தது. ஆச்சி பானைக்குள்ளே தேத்தாங்கொட்டையை உரசிக்கொண்டிருந்தாள்.

"சும்மா வச்சாலே தெளியாதா ஆச்சி?"

"தெளியும்லே, நாளைக்கு! மண்ணு மாவா இருக்குல்லா. இதை உரசினா ஒண்ணோட ஒண்ணு கூடி, கனத்துக் கீழ போயிரும்."

எனக்குப் பொறி தட்டியது. விழும் பொருளை எடை கீழே இழுக்கிறது. மிதப்பு விசையும் திரவத்தின் இழுவையும் மேலே தள்ளுகின்றன. வேகம் கூடக்கூட இழுவையும் கூடும். மூன்றும் சமமானபின் வேகம் மாறாது. அதுதான் முற்றுத் திசைவேகம். அந்த நிலை வந்தபிறகுதான் ஸ்டாப் வாட்சை அமுக்க வேண்டும். வைவாவில் கேட்டதற்கு இதுதானே பதில்!

காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன். ஸ்டோக்ஸ் விதிப்படி இந்த வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மைக்ரான் ஆரமுள்ள மண் துகள் தண்ணீரில் 30 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 23 மணி நேரம். ஆச்சி சொன்ன அதே 'நாளைக்கு'! ஆரம் 10 மைக்ரான் ஆனால் வேகம் 100 மடங்கு. 14 நிமிடம் போதும். (கூடிய மண் பஞ்சு மாதிரி இருப்பதால் முழு 100 மடங்கு கிடைக்காது. கெட்டியான உருண்டைக்குத்தான் இந்தக் கணக்கு. பெரிய பொருள் வேகமாக விழும்போது விதியே செல்லாது.)

ஆச்சியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வெள்ளைக்காரன் ஊர்லயும் கலங்கத் தண்ணிதானாலே?" என்றாள்.

"இல்ல ஆச்சி. பெண்டுலம் காத்துல ஆடும்போது காத்து அதை எவ்வளவு தடுக்குதுன்னு யோசிச்சு, 1851-ல இதை எழுதினாரு."

"காத்துக்கா இம்புட்டுக் கணக்கு?" என்று சிரித்துவிட்டு, தெளிந்த தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள்.