அழையா விருந்தாளி

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலையேறும் கூட்டத்திடையே பணப்பையைப் பற்றிக்கொள்ள எனக்குக் கற்பித்தவர் என் தந்தையார். அவரே 2003ஆம் ஆண்டில் ஏமாறவிருந்தார்.

எங்கள் இல்லத்திலிருந்த பழைய கணினி தொலைபேசிவழி இணையத்தோடு இணைந்ததும், திரை நடுவே சாம்பல்நிறப் பெட்டியொன்று எழும். ‘கணினிக்கு ஆபத்து, இம்மென்பொருளை உடனே வாங்குக’ என்று அச்சுறுத்தும். ஓய்வூதியத்தில் வாழ்ந்த தந்தையார் அஞ்சி, பணம் கட்டும் வழியை வினவலானார்.

நண்பரொருவர் உண்மையை விளக்கினார். விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் ‘மெசஞ்சர்’ என்னும் சேவை தானே இயங்கிக்கொண்டிருந்தது. அரட்டைக்குரிய மெசஞ்சர் வேறு. அலுவலகக் கணினிகளுக்கு நிர்வாகி அறிவிப்பு அனுப்ப அமைந்த வாயில் இது. அவ்வழியே அயலார் நுழைந்தனர். கண்ட்ரோல் பேனலில் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ்’, அதனுள் ‘சர்வீசஸ்’ சென்று, மெசஞ்சரை நிறுத்தி ‘டிசேபிள்டு’ என மாற்றினோம். பெட்டி பின்னர் எழவில்லை, காசும் செலவாகவில்லை.

இப்பெட்டிகளைத் தடுக்கும் மென்பொருளை இப்பெட்டிகள் வாயிலாகவே விற்ற நிறுவனமொன்றின் மீது, அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் அவ்வாண்டு வழக்குத் தொடுத்தது. 2004இல் வெளிவந்த எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் அச்சேவையை முடக்கியே வந்தது.

தந்தையார் இன்றில்லை. கைப்பேசியில் ‘உடனே’ என்று செய்தி வரும்போதெல்லாம் அவருடைய கலங்கிய முகம் நினைவில் எழுகிறது. அச்சத்தை விதைப்பவனே மருந்தும் விற்பானாயின், முதலில் நம் வாயிலைச் சாத்துவோம்.