மலையேறும் முன்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆரணிச் சாலை பிரியும் இடத்தில் அமைந்துள்ளது கண்ணமங்கலம். பேருந்தை விட்டு இறங்கியதும் மேற்கே நீலச் சுவர் எழுப்பியதுபோல் ஜவ்வாது மலைத்தொடர் காட்சி தரும். கோடை விடுமுறையில் பீமன் அருவியைக் காணவும், 1986-ல் பெரிய தொலைநோக்கி நிறுவப்பெற்ற காவலூர் வானாய்வகத்தைப் பார்க்கவும் குடும்பத்தோடு மலைக்குச் செல்வோர் பலர். அழகை நாடிச் செல்வது நன்று. ஆயினும், அங்காடியும் மருந்துக்கடையும் நிறைந்த சமவெளியை விட்டுப் போகிறோம் என்பதை மறத்தலாகாது. பாலைவனத்தில் பயணம் செய்பவனுக்கு வேண்டிய முன்னறிவு மலைவழிப் பயணிக்கும் வேண்டும்.

முதற்கண் குடிநீர். ஓடை நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். தெளிவு வேறு, தூய்மை வேறு. கொதிக்கவைத்து ஆறிய நீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நடக்கும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது பருகுங்கள். வயிற்றுப்போக்கு ஏற்படின், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஏழையின் அடுக்களையில் உள்ள பொருள்களே அருமருந்தாயின!

அடுத்தது வாகனம். 2022 ஏப்ரல் தொடக்கத்தில், திருப்பத்தூர் மாவட்டப் பகுதி ஜவ்வாது மலையில், கோயிலுக்குச் சென்ற மக்களை ஏற்றிய சிறு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பதினொருவர் மாண்டனர். எனவே, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவது கூடாது. பொழுது சாயுமுன் கீழே இறங்கிவிடுவதே அறிவுடைமை.

மூன்றாவது, பாம்பும் பூச்சியும். இரவில் கைவிளக்கின்றி நடவாதீர்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டி உறங்குங்கள். பாம்பு தீண்டினால் அறுப்பதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீமையே பயக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மருத்துவமனைக்கு விரைவதே வழி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மாற்றுமருந்து உண்டு. அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருவோருள், மாமல்லபுரத்துக்கு அருகே 1978-ல் தொடங்கப்பட்ட சங்கத்தைச் சேர்ந்த இருளர் மக்களும் உளர்.

புதர்களிடையே அமர்ந்து திரும்பியவருக்கு மூன்று வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல் வந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடலில் நெருப்பால் சுட்டதுபோன்ற கரிய வடு இருக்கிறதா என்று பாருங்கள். வடு இல்லாவிடினும், மலைக்குச் சென்று வந்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். காலத்தில் கண்டறிந்தால் எளிய மாத்திரைகளாலேயே இந்நோய் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே உலை வைக்கும்.

இவையனைத்தும் இரண்டு நாள் விருந்தாளிகளாகிய நமக்கு. ஆண்டு முழுவதும் சாமை விதைத்து, தேன் எடுத்து, அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலை என்ன? 2023 மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், உறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சாலையில்லாத மலையிலிருந்து கீழே கொண்டு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. உடலைத் திரும்பக் கொண்டு சென்றபோதும் வண்டி பாதிவழியோடு நின்றது. பெற்ற தாய், மாண்ட மகவைக் கைகளில் ஏந்திப் பல கிலோமீட்டர் தொலைவு நடந்தாள். நாம் முன்னெச்சரிக்கை என்று இரண்டு நாள் மட்டும் கருதும் ஆபத்து, அவளுக்கு அன்றாட வாழ்க்கை.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியும் வறண்ட பாலைநிலமே. அங்கே குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிப் போயினர். சமாரியன் ஒருவனே காயம் கட்டி, தன் விலங்கின்மீது ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்தான் என்று நம் ஆண்டவர் உரைத்தார். அவனிடம் எண்ணெயும் திராட்சை இரசமும் ஆயத்தமாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். வழிக்கு வேண்டியதை உடன்கொண்டு சென்றவனாதலால், அவனால் பிறருக்கும் உதவ முடிந்தது.

ஆகவே, கண்ணமங்கலத்தைக் கடந்து மலையேறும் அன்பர்களே, உங்கள் பையில் நீரும் மருந்தும் கட்டுத்துணியும் சற்று மிகுதியாகவே இருக்கட்டும். வழியில் நோயுற்ற ஒருவரைத் தோளில் சுமந்து வருவோரைக் கண்டால், உங்கள் வாகனத்தில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். சுற்றுலா சென்றவர் ஒரு பொழுது தாமதமாக வீடு திரும்பலாம். அந்த நோயாளியோ அதனாலேயே உயிரோடு வீடு திரும்பக்கூடும்.