தம்பினுக்கு ஒரு கேமரா

தம்பினுக்கு ரயிலில் வந்தால் நீங்கள் இறங்குவது மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில்! எல்லை தாண்டினால்தான் நெகிரி செம்பிலான். சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களும் குறைகின்றன. இருப்பதைப் படமெடுத்து வைக்க ஆசையா? கையில் வெள்ளி குறைவா?

படச்சுருள் கேமராதான் வேண்டுமென்றால் அரைச்சட்ட வகையைப் பாருங்கள். 1959-இல் வந்த ஒலிம்பஸ் பென் பிரபலமாக்கிய வழி அது: 36 படச் சுருளில் 72 படம். 2022-இல் வந்த கோடாக் எக்டார் எச்35-உம் அவ்வகையே. அதன் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்குதான், மாற்ற முடியாது. விடியற்கால மரநிழலில் படம் கறுத்துவிடும்; 400 வேகச் சுருளைப் போட்டு வெயில் ஏறும்வரை காத்திருங்கள்.

பழையது வாங்கினால் லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை உண்டா என்று பாருங்கள். நம் ஈரக்காற்றில் அது சுலபமாகப் பிடிக்கும். கைப்பேசியே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அச்செடுத்து வைத்தால் சரி.

முதல் படம் லயத்து வாசலில் பாட்டியாக இருக்கட்டும். எச்35-ஆனால் ஒரு மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். கிட்டே வந்தால் முகம் மங்கும்.