கோத்தலும் கோர்த்தலும்: ஒரு மகிழுந்தின் மிகைத்திருத்தம்

1989-இல் வெளியான அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று. நின்ற இடத்திலேயே நிற்கும் மகிழுந்தின் பானட்டின் மீது ஷாம்பெயின் கோப்பைகள் கோபுரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வண்டியின் சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழலத் தொடங்குகின்றன. வேகமானி மணிக்கு 145 மைல்வரை, அதாவது ஏறத்தாழ 233 கிலோமீட்டர்வரை ஏறுகிறது. ஒரு கோப்பையும் சரியவில்லை. வண்டியின் பெயர் லெக்சஸ் எல்எஸ் 400. அதற்கு முந்தைய ஆண்டுவரை அப்படி ஒரு பெயரில் உலகில் மகிழுந்தே விற்கப்பட்டதில்லை.

மெர்சிடிஸ்-பென்ஸ் இத்தகைய கோப்பைக் கோபுரத்தைக் கட்டவில்லை. கட்டவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. அதன் பானட்டின் முனையில் ஒரு மூன்றுமுனை நட்சத்திரம் நின்றது. மெய்ப்பிக்கும் பொறுப்பு எப்போதும் புதியவரின் தோளில்தான் விழுகிறது. பழையவருக்கோ பெயரே சான்றாகிவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு மகிழுந்துச் சந்தையோடு முடிந்துவிடும் ஒன்றாக இருந்திருந்தால், அதைப் பற்றி மொழியியல் பேசுவதற்கு ஒன்றும் இருந்திராது.

கதை 1983-இல் தொடங்குகிறது. டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் மிகச் சிறந்தவற்றோடு போட்டியிடத்தக்க ஒரு சொகுசு மகிழுந்தைத் தம் நிறுவனத்தால் உருவாக்க முடியுமா என்று கேட்டார். அக்கேள்விக்குப் பின்னால் பெருமிதம் மட்டும் இருக்கவில்லை, கணக்கும் இருந்தது. 1981 முதல் ஜப்பானிய மகிழுந்துகளின் அமெரிக்க ஏற்றுமதிக்கு ஓர் உச்சவரம்பு நடைமுறையில் இருந்தது. தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 16.8 லட்சம் வண்டிகள். எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லாதபோது ஒவ்வொரு வண்டியின் விலையையும் கூட்டுவதே இலாபத்துக்கு வழி. ஹோண்டா அதே தர்க்கத்தைப் பின்பற்றி 1986-இல் அக்யூராவைத் தொடங்கியது. நிசான் 1989-இல் இன்ஃபினிட்டியைக் கொண்டுவந்தது. ஆனால் ஜெர்மானியரின் உச்ச வகை மகிழுந்துகளான எஸ்-கிளாஸையும் பிஎம்டபிள்யூ 7 சீரிஸையும் நேருக்கு நேர் குறிவைத்து, மற்ற எவரையும்விட விடாப்பிடியாக உழைத்தது டொயோட்டாதான்.

அந்த உழைப்பின் தன்மை கவனிக்கத்தக்கது. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி வகுத்த இலக்குகள் ஒன்றையொன்று மறுப்பவை. வண்டி மிக வேகமாகப் போகவேண்டும், ஆனால் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கவேண்டும். அமைதியாக இருக்கவேண்டும், ஆனால் எடை கூடக்கூடாது. இரைச்சலை அடைக்கத் தடித்த திணிப்புகளைப் போடுவது வழக்கமான வழி. அவரோ இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே ஒழிக்கச் சொன்னார். எஞ்சின் பாகங்களின் கடைசலில் துல்லியம் கூடினால் அதிர்வு குறையும். அதிர்வு குறைந்தால் திணிப்புக்குத் தேவையிராது. நான்கு லிட்டர் வி-8 எஞ்சின் 250 குதிரைத்திறன் தந்தது. காற்றெதிர்ப்புக் கெழு 0.29-ஆக இறங்கியது. அதிகம் எரிபொருள் குடிக்கும் வண்டிகள்மீது அமெரிக்க அரசு விதித்த தனிவரிக்குள் ஜெர்மானியப் போட்டியாளர்கள் சிக்கினார்கள். எல்எஸ் 400 சிக்கவில்லை. இவற்றையெல்லாம் எட்டுவதற்குள் ஏறத்தாழ 450 முன்மாதிரி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. செலவு 100 கோடி டாலரைக் கடந்ததாகச் சொல்லப்படுகிறது. முடிவில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 35,000 டாலர். அது எதிர்த்து நின்ற ஜெர்மானிய வண்டிகள் 50,000 டாலரைத் தாண்டியவை.

இவ்வளவு உழைத்த நிறுவனம் அந்த வண்டியில் தன் பெயரை எழுதவில்லை. டொயோட்டா என்றால் நம்பகமான, சிக்கனமான, நடுத்தரக் குடும்பத்து வண்டி என்ற பொருள் அமெரிக்கர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தது. அந்தப் பொருளிலிருந்து விலகவேண்டுமானால் பெயரிலிருந்தும் விலகவேண்டும். ஆகவே வேறு பெயர், வேறு சின்னம், வேறு விற்பனைக் கூடங்கள். பெயர்ப் பட்டியலில் முன்னணியில் இருந்தது 'அலெக்சிஸ்'. அது அப்போது புகழ்பெற்றிருந்த தொலைக்காட்சித் தொடரின் பாத்திரமொன்றை நினைவூட்டியதால், தேய்ந்தும் திரிந்தும் 'லெக்சஸ்' ஆயிற்று.

பிறந்ததுமே அந்தப் பெயர் நீதிமன்றம் ஏறியது. சட்ட ஆவணங்களைக் கணினிவழித் தேடித்தரும் 'லெக்சிஸ்' என்ற சேவையை நடத்திய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் பெயருக்குத் தடை விதித்தது. அன்றாடப் பேச்சில் 'லெக்சிஸ்', 'லெக்சஸ்' இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்பது அதன் முடிவு. 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. தொலைக்காட்சி, வானொலி அறிவிப்பாளர்கள் தெருவில் பேசும் மனிதரைவிடத் திருத்தமாக உச்சரிப்பார்கள் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 'லெக்சிஸ்' கிரேக்க மூலமுடைய, அகராதியில் இருக்கும் சொல் என்பதும் சொல், சொற்றொகுதி என்பன அதன் பொருள் என்பதும்கூட அந்த வழக்கில் பேசப்பட்டன. அழுத்தம் விழாத அசையின் உயிரொலி தேய்ந்து வேறுபாடு மறைவது ஒலியியல் மாணவர் முதலாண்டில் படிக்கும் பாடம். அந்தத் தேய்ந்த உயிரொலியின்மீது ஒரு பெருநிறுவனத்தின் எதிர்காலம் சில மாதங்கள் ஊசலாடியது.

பழைய பெயர்களின் பிறப்பும் அவ்வளவு மாண்புடையதன்று. கார்ல் பென்ஸ் தம் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886-இல். ஆனால் 'மெர்சிடிஸ்' அவர் வைத்த பெயரன்று. டைம்லர் நிறுவனத்தின் வண்டிகளை வாங்கி விற்ற எமில் யெலினெக் என்ற வணிகர் தம் மகளின் பெயரை அவற்றுக்கு இட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவே வணிகப் பெயராயிற்று. ஆகஸ்ட் ஹோர்ஹ் தாம் தொடங்கிய நிறுவனத்தைவிட்டு வெளியேறியபின், தம் குடும்பப் பெயரையே புதிய நிறுவனத்துக்குச் சூட்ட முடியாமல் போனது. ஜெர்மன் மொழியில் அப்பெயர் 'கேள்' எனப் பொருள்படும். அதை லத்தீனுக்கு மாற்றினார்கள், 'ஆடி' பிறந்தது. பிஎம்டபிள்யூ வானூர்தி எஞ்சின்களோடு தொடங்கி, 1920-களின் இறுதியில் ஒரு சிறிய ஆங்கில வண்டியின் உரிமத்தை வைத்துக்கொண்டு மகிழுந்துத் தொழிலுக்குள் வந்தது. ஆக, இன்றைய பழங்குடிப் பெருமக்கள் அனைவரும் ஒருகாலத்தில் புதுக்குடியினரே. அவர்களிடம் இருப்பதும் புதியவரிடம் இல்லாததும் ஒன்றுதான்: தொடக்கத்தை மறக்கடிக்கும் அளவுக்கு நீண்ட காலம்.

இங்கே வில்லியம் லபாவின் ஆய்வு நினைவுக்கு வருவது இயல்பு. 1960-களில் நியூயார்க் நகரத்தின் பேச்சை ஆராய்ந்த அவர், உயிருக்குப் பின்வரும் ரகர ஒலியை யார் உச்சரிக்கிறார்கள், யார் விடுகிறார்கள் என்று எண்ணினார். அந்த ஒலி அப்போது அந்நகரில் மதிப்பின் அடையாளமாகிக்கொண்டிருந்தது. மேல்தட்டு ஏற ஏற ரகரம் கூடும் என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராத முடிவு வேறொன்று. மிகக் கவனமாகப் பேசும் சூழலில், சொற்பட்டியலை வாசிக்கச் சொன்னபோது, கீழ் நடுத்தர வகுப்பினர் தமக்கு மேலிருந்த வகுப்பினரைவிடவும் அதிகமாக ரகரத்தை ஒலித்தார்கள். மேலிருந்தோருக்கு அந்த ஒலி வழக்கம். கீழிருந்து ஏறுவோருக்கு அது தேர்வு. தேர்வெழுதுபவர் தேவைக்கு மேலேயே எழுதுவார். இதுவே மிகைத்திருத்தம்.

தமிழிலும் ரகரமே இதற்கு நல்ல சான்று. 'பார்த்தான்' பேச்சில் 'பாத்தான்' ஆகிறது. 'சேர்த்தான்' 'சேத்தான்' ஆகிறது. எழுதும்போது விடுபட்ட ரகரத்தைத் திரும்ப வைக்கவேண்டும் என்று பள்ளி கற்பிக்கிறது. அந்தப் பாடத்தை மிக நன்றாகக் கற்றவர், ஊசியில் நூலைக் 'கோத்தான்' என்பதிலும் ஒரு ரகரம் விடுபட்டிருப்பதாக எண்ணிக் 'கோர்த்தான்' என்று எழுதிவிடுகிறார். வேர் 'கோ', அங்கே ரகரம் என்றுமே இருந்ததில்லை. பிழை அறியாமையில் பிறக்கவில்லை. பிழைபட்டுவிடக்கூடாதே என்ற அக்கறையில் பிறந்தது.

எல்எஸ் 400 அப்படியொரு 'கோர்த்தல்'. எஸ்-கிளாஸைவிட மேலான எஸ்-கிளாஸாக இருக்க அது முயன்றது. அதன் தோற்றம் மெர்சிடிஸை ஒத்திருப்பதாக விமர்சகர்கள் சுட்டினார்கள். அதன் அமைதி போட்டியாளர்களின் அமைதியை விஞ்சியது. 1989 டிசம்பரில் மின்கம்பி இணைப்பிலும் பிரேக் விளக்கிலும் குறைகள் தெரியவந்தன. வந்த புகார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நிறுவனமோ அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தது. அழைத்தது என்பதைவிடத் தானே தேடிப் போனது என்பது பொருந்தும். பணியாளர்கள் உரிமையாளர்களின் வீடுகளுக்கே சென்று வண்டியை எடுத்துப் பழுதுநீக்கி, கழுவி, எரிபொருள் நிரப்பித் திருப்பித் தந்தார்கள். இருபது நாளில் வேலை முடிந்தது. மானக்கேடாக முடிந்திருக்கவேண்டிய நிகழ்வு அந்தப் பெயரின் முதல் நற்சான்றாயிற்று. 1991-இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற இறக்குமதிச் சொகுசுப் பெயர் லெக்சஸ்.

ஆயினும் ஒரு வகைக் குறை தொடர்ந்து சொல்லப்பட்டது: வண்டியில் பிழையில்லை, ஆனால் ஆன்மா இல்லை. இந்தத் தீர்ப்பின் இலக்கணம் ஆராயத்தக்கது. ஜெர்மானிய வண்டியின் இறுகிய இருக்கையும் சாலையின் மேடுபள்ளத்தை உடலுக்கு உணர்த்தும் போக்கும் 'தனித்தன்மை' எனப் பெயர் பெற்றன. புதியவரின் வண்டியில் அதே இறுக்கம் இருந்திருந்தால் அது 'குறை' என்றே எழுதப்பட்டிருக்கும். குறை இல்லாதபோது, குறையின்மையே குறையாயிற்று. மதிப்பு ஏற்கெனவே வழங்கப்பட்ட இடத்தில் பிறழ்வு பாணியாகிறது. வழங்கப்படாத இடத்தில் திருத்தமும் ஐயத்துக்குள்ளாகிறது.

ஆய்வுலகில் இருப்போருக்கு இந்த இலக்கணம் புதிதன்று. பெயர்பெற்ற நிறுவனத்திலிருந்து வரும் மூத்தவர் குறிப்புத்தாள் இல்லாமல், பொருள்விட்டுப் பொருள் தாவி அரைமணி நேரம் பேசினால் அது 'உரத்த சிந்தனை'. மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் ஏறிய இளையவர் அதையே செய்தால் அது 'தயாரிப்பின்மை'. இதை அவர் அறிவார். அதனால்தான் அவருடைய கட்டுரையில் பக்கத்துக்கு ஒன்பது அடிக்குறிப்புகள். அதனால்தான் ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு ரகரமும் அவர் நாவில் அழுந்தி ஒலிக்கிறது. பிறகு அந்த அடிக்குறிப்புகளைப் பார்த்து, உழைப்பு தெரிகிறது, பார்வை தெரியவில்லை என்று மதிப்பீடு வருகிறது. பிழையில்லை, ஆன்மா இல்லை என்பதன் கல்விப்புல வடிவம் அது.

ஒப்புமை இங்கே ஓரிடத்தில் முறிகிறது; முறிவதை மறைக்கக்கூடாது. லெக்சஸ் வறிய புதியவர் அன்று. தன் பெயரை மறைத்துக்கொண்ட டொயோட்டா, தன் கருவூலத்தை மறைக்கவில்லை. 450 முறை செய்து பார்க்கும் வசதி அதற்கு இருந்தது. முதல் தலைமுறை ஆய்வாளருக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரே முன்மாதிரிதான். அதையே அவர் காட்சிக்கும் வைக்கவேண்டும். லெக்சஸின் வெற்றியைக் காட்டி, உழைத்தால் எவரும் உயரலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். அக்கதை உறுதியாகக் காட்டுவது வேறு: ஓசை, அதிர்வு, பழுது என்று அளக்கக்கூடியவை எங்கெல்லாம் அளக்கப்பட்டனவோ அங்கெல்லாம் புதியவர் வென்றார். அளக்க முடியாதவை எங்கு கேட்கப்பட்டனவோ அங்கு பழைய பெயரே வென்றது. ஆய்வேடுகளைப் பெயர் மறைத்து மதிப்பிடும் முறைக்கு ஆதரவாக இதைவிடத் தெளிவான வாதம் தேவையில்லை.

மிகைத்திருத்தத்துக்கு இன்னொரு பண்பும் உண்டு. போதிய பேர் போதிய காலம் செய்தால் அது விதியாகிவிடும். 'கோர்த்தல்' இன்று நன்கு படித்தவர் எழுத்திலும் அச்சேறி, அதை வழுவென்று சொல்லவே தயங்கும் நிலைக்கு வந்துவிட்டது. லெக்சஸ் வந்தபின், உயர்விலை மகிழுந்து அடிக்கடி பணிமனைக்குப் போவது இயல்பு என்ற எண்ணம் செல்லாததாயிற்று. வாடிக்கையாளரை நடத்தும் முறையில் பழைய நிறுவனங்களும் தம்மை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. தேர்வெழுத வந்தவர் தேர்வின் அளவுகோலையே சற்று நகர்த்திவிட்டார்.

சற்றுத்தான். 2023-இல் உலகெங்கும் விற்ற லெக்சஸ் வண்டிகள் ஏறத்தாழ 8.24 லட்சம், மெர்சிடிஸ்-பென்ஸ் 20 லட்சத்தையும் பிஎம்டபிள்யூ 22 லட்சத்தையும் தாண்டின. ஜப்பானில் அதே எல்எஸ் 400 'டொயோட்டா செல்சியர்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. 'உயர்ந்த' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 2005-இல்தான் லெக்சஸ் தன் சொந்த நாட்டுக்குள் தன் பெயரோடு நுழைந்தது. வெளியே மதிப்பு உறுதியான பின்பே வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல முடிந்தது.

2017-இல் அது இந்தியாவுக்கும் வந்தது. தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும் செல்வத்தைச் சுட்ட 'பென்ஸ் கார்' என்று சொன்னால் போதும். அந்த வண்டியைக் கண்ணால் பார்த்திராதவருக்கும் பொருள் விளங்கும். அந்தப் பெயர் எப்போதோ பொதுச்சொல்லாகிவிட்டது. சொல் என்றே பொருள்படும் கிரேக்க மூலத்தோடு ஒலி ஒற்றுமைக்காக வழக்காடி வென்ற பெயர், இன்னும் இங்கே சொல்லாகவில்லை.